பின்கட்டுக் குளியல் தொட்டிக்கு நானே டைல் ஒட்டலாமா?

கேள்வி இதுதான். காட்பாடியில் வீடு. பின்பக்கம் வெட்டவெளியில், தரைக்குள் இறக்கி, கான்கிரீட்டில் ஒரு தொட்டி கட்டியாயிற்று. 7 அடிக்கு 6 அடி, ஆழம் 3 அடி, 6 அடிப் பக்கம் முழுக்க உட்கார ஒன்றரை அடி அகலத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணை. மார்கழி, தையில் வெந்நீர் நிரப்பிச் சாயங்காலம் உட்கார வேண்டும், கோடையில் பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் ஆட வேண்டும். கான்கிரீட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பாத்ரூம் சுவருக்கு வாங்கியதில் ஆறு பெட்டி டைல் மிச்சம் இருக்கிறது. சிமெண்ட் பாலில் ஒட்டி ஒயிட் சிமெண்ட் பூசினால் போதும் என்று மேஸ்திரி சொல்கிறார். "அவ்வளவுதான் வேலை என்றால் நானே ஒட்டிவிடுகிறேனே, கூலி மிச்சம், சரிதானே அண்ணா?"

நீங்களே ஒட்டலாம் தம்பி, தாராளமாக. ஆனால் அந்த டைல் வேண்டாம், சிமெண்ட் பால் வேண்டாம், ஒயிட் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். மேஸ்திரியைக் குறை சொல்லவில்லை. பாத்ரூம் சுவருக்கு அவர் சொல்வது ஓடும். பாத்ரூம் சுவர் நனைந்து காய்கிறது. தொட்டி அப்படியில்லை, அது எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், அதுவும் சூடான, குளோரின் போட்ட தண்ணீர். அப்புறம் ஒருநாள் கழுவ வேண்டுமென்று காலி செய்வீர்கள், அன்றைக்குக் கத்திரி வெயில் அதன் மேல் நேராக விழும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சத்துவாச்சாரியில் என் வீட்டுத் தொட்டிக்கு முதல் தடவை நான் செய்ததும் இதே வேலைதான். என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல். சிமெண்ட் பாலில் அழுத்தி ஒட்டினேன், பார்க்கப் பளபளவென்று ஓட்டல் மாதிரி இருந்தது, வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். அடுத்த மே மாதம் கழுவுவதற்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது பின்பக்கம் தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. போய்ப் பார்த்தால் மேற்கு வெயில் விழும் சுவரில் இரண்டு டைல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூரை மாதிரி நிற்கின்றன. கையால் எடுத்தேன், சும்மா வந்தது. சிமெண்ட் பால் முழுக்கச் சுவரிலேயே இருக்கிறது, டைலின் முதுகு மட்டும் கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஒட்டவே இல்லை, வெறுமனே சாய்ந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் பாத்ரூம் டைல் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிக்கொள்ளும், ஈரத் திட்டு மட்டும் மிஞ்சும். கடையில் ஒரு விட்ரிஃபைடு துண்டு கேட்டு வாங்கி அதையே செய்தால் தண்ணீர் முத்து மாதிரி அப்படியே நிற்கும். சுவருக்கு வரும் செராமிக் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைடு குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. குடிக்கிற டைலைத் தொட்டியில் வைத்தால் உள்ளே ஊறி ஊறி லேசாகப் பருத்து, மேலே இருக்கும் பளபளப்பில் மயிரிழை மயிரிழையாகக் கீறல் விழும், அந்தக் கீறலில் பாசி பிடிக்கும். குடிக்காத டைலைச் சிமெண்ட் பாலில் ஒட்டினால் பால் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ள வழியில்லை, என் கதைதான். ஆக, டைல் குடிக்காததாக இருக்க வேண்டும், குடிக்காத டைலைப் பிடிக்கிற பசையாகவும் இருக்க வேண்டும். ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி காலத்திலிருந்து பீங்கான் வேலை பார்த்தவர்கள் நம் பக்கம் நிறைய பேர் உண்டு, யாரையாவது கேட்டுப் பாருங்கள், உடைந்த துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் குடிக்கிற சரக்கு.

சரி, டைல் கடைக்குப் போவதற்கு முன்னால் வேலை இருக்கிறது. டைலும் சரி, நடுவில் பூசும் ஃபில்லரும் சரி, தண்ணீரைத் தடுக்காது. தண்ணீர் பிடிக்க வேண்டியது தொட்டி. நிறைய பேர் கசிகிற தொட்டிக்கு டைல் ஒட்டினால் கசிவு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது, எங்கே கசிகிறது என்று தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் வெறும் கான்கிரீட்டில் தண்ணீர் நிரப்பி ஏழு நாள் விடுங்கள். தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். வெயிலில் ஆவியாகிப் போகிறதா, கசிந்து போகிறதா என்று குழப்பம் வரும். வேலூர் கோடையில் நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலேயே ஆவியாகும். அதற்கு வழி இருக்கிறது: ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பித் திண்ணை மேல் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே, வாய் வெளியே தெரியும்படி உட்கார வைத்து, பக்கெட்டுக்குள்ளும் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. தொட்டி கூடுதலாக இறங்கினால் மண் குடிக்கிறது. எந்த உயரத்தில் இறக்கம் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை, பெரும்பாலும் பைப் சுவருக்குள் நுழையும் இடம்.

இன்னொரு ஆபத்து வெளியிலிருந்து உள்ளே வரும் தண்ணீர். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அப்போது ஆற்றோரத்துக் கிணறுகளில் தண்ணீர் மேலேறியது ஞாபகம் இருக்கும். எத்தனையோ வருஷம் வெறும் மணலாகப் பார்த்த ஆறு, யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த மாதிரி சமயத்தில் தரைக்குள் இறக்கிய தொட்டி காலியாக இருந்தால் அடியிலிருந்து தண்ணீர் தள்ளும். டைல் தானாகக் கழன்றுகொள்ளும், அழுத்தம் அதிகமானால் தொட்டியே படகு மாதிரி கொஞ்சம் மேலே எழும்பிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தரை நடுவில் விரிசல் விட்டு அதன் வழியாக ஊற்று மாதிரி தண்ணீர் வந்தது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைக் காலியாகப் போடாதீர்கள். வெந்நீர் வேண்டாமென்றாலும் பாதியாவது நிரம்பியிருக்கட்டும், கொசு வராமல் மூடி வையுங்கள்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு பூச்சு. ஒன்றுக்கு மூன்று கலவை, வாட்டர்ப்ரூஃப் திரவம் சேர்த்து. இதை வேண்டுமானால் கொத்தனாரை விட்டே செய்யுங்கள், சுவர் தூக்குக்குண்டு பிடித்து நேராக வருவது புதுக்கைக்குக் கஷ்டம், சுவர் கோணினால் டைலில் அத்தனையும் தெரியும். ஆனால் அவர் பக்கத்திலேயே நின்று ஒரு விஷயத்தை மட்டும் தடுங்கள்: கடைசியில் பழக்கதோஷத்தில் மேலே சிமெண்ட் பால் தெளித்து வழவழவென்று தேய்ப்பார். வேண்டாம். மட்டப்பலகை இழுத்த சொரசொரப்போடு விட்டுவிட வேண்டும். "இன்னா சார், பூசனா மாதிரியே இல்லியே" என்பார், இருக்கட்டும். மூலைகளில் மட்டும் சுவரும் தரையும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் இழுத்த மாதிரி ஒரு வளைவு கொடுக்கச் சொல்லுங்கள். தரையில் வாட்டம் நூற்றுக்கு ஒன்று போதும், உங்கள் 7 அடிக்குத் தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி இரண்டு சென்டிமீட்டர் இறக்கம். ஏழு நாள் நீராட்டி, அப்புறம் காயவிடுங்கள்.

அதற்கு மேல் பவுடரும் பாலுமாக இரண்டு பாகமாக வரும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. இது நீங்களே செய்யக்கூடியது, வெறும் பிரஷ் வேலை. சுவரைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. மூலை வளைவுகளிலும் பைப்பைச் சுற்றியும் முதலில் ஃபைபர் வலை வைத்து ஒரு பூச்சு. அப்புறம் முழுச் சுவருக்கும் குறுக்குவாக்கில் ஒன்று, அது கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் நெடுக்குவாக்கில் இன்னொன்று. திசை மாற்றினால் முதல் பூச்சில் விட்டுப்போன ஊசித்துளைகள் மூடிவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் பக்கெட் சோதனை. இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். டைல் ஒட்டின பிறகு கசிவு கண்டுபிடித்தால் டைல், பசை எல்லாம் குப்பை என்பதால் நான் விட மாட்டேன்.

இப்போது டைல் எவ்வளவு வேண்டும். தரை 42 சதுர அடி, நான்கு சுவரும் சேர்ந்து 78, மொத்தம் 120. திண்ணைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டுமே என்று தோன்றும், வேண்டாம். திண்ணையின் மேல்பக்கம் மறைத்த தரைக்கு ஈடு, முன்பக்கம் மறைத்த சுவருக்கு ஈடு, பக்கவாட்டில் நாலரை சதுர அடி உங்களுக்குக் குறையவே செய்யும். பத்து சதவீதம் வெட்டுச் சேதாரம் சேர்த்து 130 வாங்குங்கள். விளிம்பைச் சுற்றி மேலே வரும் கல் தனி.

எந்த அளவு டைல் என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நீலக் கண்ணாடி மொசைக்தான் எல்லோருக்கும் ஆசை, படத்தில் அப்படித்தான் இருக்கிறது. அழகுதான், வளைவுகளில் மடங்கிப் போகும், தரையில் இணைப்புகள் அதிகம் என்பதால் வழுக்காது. ஆனால் அந்த இணைப்புகளே செலவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 20 மில்லிமீட்டர் மொசைக்கை இரண்டு மில்லி இடைவெளியில் ஒட்டினால் உங்கள் தொட்டிக்கு எபாக்சி ஃபில்லர், அதாவது இரண்டு பாகத்தைக் கலந்து இணைப்பில் பூசும் பிசின், பதினான்கு கிலோ பக்கம் இழுக்கும். நாலு அங்குல டைலாக இருந்தால் ஆறரை கிலோ. ஓரடி டைலாக இருந்தால் மூன்று கிலோவே போதும். எபாக்சி விலையைக் கடையில் கேட்டுவிட்டு இந்தக் கணக்கை மறுபடி பாருங்கள். என் யோசனை, நீச்சல்குளத்துக்கென்றே வரும் நாலு அங்குல விட்ரிஃபைடு, தரைக்கும் திண்ணைக்கும் சொரசொரப்பானது, திண்ணை விளிம்பு மட்டும் வேறு நிறத்தில். தண்ணீருக்குள் விளிம்பு தெரியாமல் கால் வைத்து முழங்காலை உடைத்துக்கொள்கிறார்கள். கருநீலம் வேண்டாம், வெயிலில் காலியாகக் கிடந்தால் தோசைக்கல் ஆகிவிடும்.

மொசைக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரே ஒரு விஷயம் பாருங்கள், முதுகில் வலை ஒட்டியதா, முகத்தில் காகிதம் ஒட்டியதா என்று. தண்ணீருக்குள் வைக்கக் காகிதம் ஒட்டியதே நல்லது. வலையும் அதன் கோந்தும் முதுகில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டால் பசை பிடிக்க மிச்சம் பாதிதான், அந்தக் கோந்தும் ஊறி இளகும். காகிதம் ஒட்டியதில் பசை இறுகத் தொடங்கியதும் ஸ்பான்ஜால் நனைத்துச் சுவரை ஒட்டிய மாதிரியே கீழ்நோக்கி உரிக்க வேண்டும், வெளியே இழுத்தால் சில்லும் கூடவே வரும். கண்ணாடி என்றால் பசை வெள்ளை நிறத்தில் வாங்குங்கள், சாம்பல் நிறம் உள்ளிருந்து தெரியும்.

பசை வாங்கும்போது "டைல் கம்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், இருப்பதில் மலிவானதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பியக் குறியீட்டில் சி2டிஇ எஸ்1 என்று இருந்தால் உங்களுக்கானது. சி1 பசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை நியூட்டன் இழுவை தாங்கினால் தேறிவிடும், சி2 ஒரு நியூட்டன் தாங்க வேண்டும், இரண்டு மடங்கு. டி என்றால் சுவரில் டைல் சரியாது, இ என்றால் பசை தோல் கட்ட நேரம் எடுக்கும், எஸ்1 என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கான்கிரீட்டும் டைலும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, நடுவில் இருப்பது வளைந்து கொடுத்தால்தான் பிழைக்கும். நம் நாட்டுக் குறியீடு ஐஎஸ் 15477, அது மூட்டையில் இருக்க வேண்டும், கூடவே நீச்சல்குளத்துக்கு ஆகும் என்று எழுதியிருக்க வேண்டும். மூன்று மில்லி கனத்துக்கு இருபது கிலோ மூட்டை 48 சதுர அடி வரும், உங்களுக்கு மூன்று மூட்டை. நாலாவதைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பேசிவிட்டு வாங்குங்கள்.

ஒட்டும் வேலையில் நம் ஊரில் முதல் எதிரி வெயில். பசை மூட்டையில் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம் என்று போட்டிருப்பது 23 டிகிரிக்கு. நம் ஊரில் 23 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. வெயிலில் சூடான சுவரில் பசையைப் பரப்பினால் ஐந்து நிமிஷத்தில் மேலே தோல் கட்டிவிடும், தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டாது. அதன் மேல் டைலை வைத்து எவ்வளவு தட்டினாலும் வீண். அதனால் தொட்டிக்கு மேல் நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்றோ பச்சை வலையோ போட்டுவிடுங்கள். காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்திவிட வேண்டும், மறுபடி சாயங்காலம். கலக்கும் தண்ணீர் வெயிலில் காய்ந்த டிரம் தண்ணீராக இருக்கக் கூடாது, டிரம்மைச் சுற்றி நனைத்த கோணி போட்டு நிழலில் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பாண்டு, அதாவது ஒரு சட்டி, மட்டும். தண்ணீரில் பவுடரைக் கொட்டிக் கலக்கி, ஐந்து பத்து நிமிஷம் அப்படியே விட்டு, மறுபடி கலக்கி எடுங்கள். இறுகிவிட்டதே என்று மேலும் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது. சித்தாளை உதவிக்கு வைத்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இளக்கிக் கொடுப்பது அவர்கள் கைப்பழக்கம்.

சுவரில் எங்கே தொடங்குவது? தண்ணீர் மட்டத்தில். டியூப் லெவலால் நான்கு சுவரிலும் நீர்மட்டக் கோடு போடுங்கள். அறைச் சுவரில் ஐந்து மில்லி சரிந்தால் ஒருவருக்கும் தெரியாது. தொட்டியில் தண்ணீரே ரசமட்டம், ஒரு மூலையில் டைல் வரிசை முழுக்க மூழ்கி எதிர் மூலையில் அரை விரல் வெளியே நின்றால் குழந்தைகூடச் சொல்லிவிடும். என் இரண்டாவது தொட்டியில் அப்படி ஒரு மூலை இருக்கிறது, அங்கேதான் நான் எப்போதும் உட்காருகிறேன், முதுகு மறைத்துக்கொள்ளும் என்று. கோட்டுக்குக் கீழே முதல் வரிசையைத் தாங்க ஒரு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், வேண்டும், ஆனால் அதை அறையக் கூடாது, வாட்டர்ப்ரூஃப் பூச்சில் ஆணி ஓட்டை விழும். மேலே விளிம்பில் மாட்டித் தொங்கவிடுங்கள், அல்லது கீழிருந்து முட்டுக் கொடுங்கள். அதன் மேல் முதல் வரிசை. கை பழகத் திண்ணை முன்பக்கத்தை மட்டும் முதலில் ஒட்டிவிட்டு, அப்புறம் சுவர்கள் முடித்து, திண்ணையின் மேல்பக்கம் முடித்து, தரை கடைசி.

பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, டைலை அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக லேசாகத் தேய்த்து அழுத்த வேண்டும். அப்போதுதான் கோடுகள் படிந்து காற்று வெளியேறும். நாலு மூலைக்கு நாலு உருண்டை பசை வைத்து நடுவில் ஒன்று வைத்து ஒட்டுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, தொட்டியில் அது தற்கொலை. உள்ளே இருக்கும் பொந்தில் தண்ணீர் தேங்கும், வெயிலில் அது சூடாகி டைலைத் தள்ளும். பத்து டைலுக்கு ஒன்றைப் பிய்த்து முதுகைப் பாருங்கள். கிட்டத்தட்ட முழுக்க, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது பசை படிந்திருக்க வேண்டும். முதல் நாள் பார்த்தால் பாதிதான் படிந்திருக்கும், மனசு உடைய வேண்டாம், மூன்றாம் நாள் கை வந்துவிடும். அதனால்தான் கண்ணில் படாத திண்ணை முன்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

வெட்டுவதற்கு நாலு அங்குலம் என்றால் கை கட்டர் போதும். பைப்பைச் சுற்றி வளைவாக வெட்ட கிரைண்டர் வேண்டியிருந்தால் தொட்டிக்குள் ஈரத்தில் நின்று வெட்டாதீர்கள், வெளியே வந்து, கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

ஒருநாள் முழுக்க விட்டு ஃபில்லர். சிமெண்ட் ஃபில்லர் மலிவு, ஆனால் குளோரினும் அமிலமும் சேர்ந்து அதை மெல்ல அரித்துச் சொரசொரப்பாக்கும், அதில் பாசி. எபாக்சிதான் சரி. இதில் நான் கற்ற பாடம்: எபாக்சியின் இரண்டு பாகமும் சேர்ந்தவுடன் அதற்குள்ளேயே சூடு பிறக்கும். ஒருமுறை சித்திரை மாதம் முழு டப்பாவையும் கலக்கி டப்பாவிலேயே வைத்துக்கொண்டு ஒரு மூலையைப் பூசிவிட்டுத் திரும்பினேன், அதற்குள் டப்பாவைத் தொட முடியவில்லை, மேலே லேசாகப் புகை, உள்ளே குத்திவைத்த கரண்டி கல்லில் நட்ட கொடிமரம் மாதிரி நிற்கிறது. அந்தக் கரண்டி இன்னமும் டப்பாவோடு என் மோட்டார் அறையில் இருக்கிறது. கலக்கியவுடன் ஒரு பலகையில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள், சூடு வெளியேறி நேரம் கிடைக்கும். பத்து டிகிரி கூடினால் கிடைக்கும் நேரம் பாதியாகும், இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாதி டப்பா போதும் என்று கண்ணளவில் பிரிக்காதீர்கள், தராசில் நிறுத்துப் பிரியுங்கள், விகிதம் தப்பினால் என்றைக்கும் பிசுபிசுவென்றே இருக்கும். டைல் முகத்தில் பட்டதை அப்போதைக்கப்போது ஸ்பான்ஜால் துடைத்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு உளிதான். கையுறை கட்டாயம், சிலருக்குத் தோல் தடித்துவிடும்.

நான்கு மூலைகளிலும், சுவரும் தரையும் சேரும் இடத்திலும், பைப் வாயைச் சுற்றியும் எபாக்சி போடாதீர்கள். அங்கே தண்ணீருக்குள் தாங்கும் சீலண்ட், ரப்பர் மாதிரி இருப்பது. தொட்டி விரிந்து சுருங்குவதற்கு அந்த இடங்கள்தான் வழி.

பதினான்கு நாள் காத்திருங்கள். பிள்ளைகள் நச்சரிப்பார்கள், எனக்குத் தெரியும். அப்புறம் மெதுவாக நிரப்புங்கள். முதல் நாளே வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் ஒரு வாரம் இருக்கட்டும், அப்புறம் நாளுக்குக் கொஞ்சமாகச் சூடு ஏற்றுங்கள்.

தண்ணீர் விஷயம் நம் ஊரில் பெரிய தலைவலி. பருப்பு வேகாத போர் தண்ணீரை வைத்துக்கொண்டு வெந்நீர்த் தொட்டி என்றால் சுண்ணாம்பு படியாமல் எப்படி இருக்கும். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு கரைந்து நிற்காமல் பிரிந்து வந்துவிடும், கெட்டிலுக்குள் பார்த்திருப்பீர்கள், அதுவே உங்கள் நீர்மட்டக் கோட்டில் வெள்ளை வெள்ளையாக உட்காரும். கடினத்தன்மை லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. மொட்டை மாடி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் போர் தண்ணீரோடு கலந்து நிரப்புங்கள். முழுக்க மழைத்தண்ணீரும் வேண்டாம், சுண்ணாம்பே இல்லாத தண்ணீர் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பை உருவும். காவிரிக் குடிநீரைப் பிடித்து நிரப்பலாமா என்று கேட்காதீர்கள், பக்கத்துத் தெருவில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படிந்த வெள்ளையை வினிகர் நனைத்த துணியால் எடுங்கள். பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டு தேய்க்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டியில் ஆசிட் விட்டால் குளோரின் வாயு வரும், மூன்றடிப் பள்ளத்தில் அது அடியிலேயே தங்கும், உள்ளே குனிந்து தேய்ப்பவர் கதி யோசித்துப் பாருங்கள்.

வெந்நீர் என்று வந்துவிட்டால் குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஎச் 7.0 முதல் 7.8, சூடு 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் வெந்நீரில் இறக்காதீர்கள். சூடேற்றும் செலவையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. இரண்டரை அடிக்கு நிரப்பினால் உங்கள் தொட்டியில் 2,600 லிட்டர் பக்கம் பிடிக்கும். அதை 28 டிகிரியிலிருந்து 38க்குக் கொண்டுவர 30 யூனிட் மின்சாரம், மூன்று கிலோவாட் ஹீட்டருக்குப் பத்து மணி நேர வேலை. சூரிய வெந்நீர்க் கருவியைச் சேர்த்து யோசியுங்கள், வெயில் நம்மிடம் கேட்காமலே கிடைக்கிறது. ஹீட்டர், மோட்டார், விளக்கு மூன்றின் ஒயரிங்கும் எலக்ட்ரீஷியன் வேலை, மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு விளக்குகூட வேண்டாம். மோட்டார் தண்ணீர் இழுக்கும் வாய் ஒன்று மட்டும் இருந்தால் இரண்டாக்கச் சொல்லுங்கள், ஒற்றை வாயில் பிள்ளைகள் முடி மாட்டினால் எடுக்க முடியாது. இதைப் பூச்சுக்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும், டைல் ஒட்டின பிறகு சுவரைக் கொத்த முடியாது.

எல்லாம் கூட்டினால் ஏழு வாரம் ஆகிறது, அதில் நீங்கள் உண்மையில் டைல் ஒட்டுவது ஐந்தாறு காலைப்பொழுதுகள்தான். பொங்கல் முடிந்து தை நடுவில் முதல் சோதனைத் தண்ணீரை நிரப்பினால் பங்குனி முதல் வாரத்தில் இறங்கிக் குளிக்கலாம், கத்திரிக்கு முன்னால் தொட்டி நிரம்பியிருக்கும். அந்த ஆறு பெட்டி டைலைத் திருப்பி எடுக்கக் கடையில் சம்மதிக்கவில்லை என்றால், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சுவர் பாசி பிடித்துக் கிடக்குமே, அங்கே ஒட்டுங்கள். கை பழக அதுவே நல்ல இடம், தொட்டிக்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.